சாயம் வெளுத்துவிடும் என்று அஞ்சும் ஓவியருக்கு

கேள்வி: எனக்கு 34 வயது. திருச்சியில் வீட்டிலிருந்தபடியே நூல் அட்டைகளும் சிறுவர் நூல்களுக்கான ஓவியங்களும் செய்து தருகிறேன். ஒன்பது ஆண்டுகளில் 41 அட்டைகள், ஆறு சிறுவர் நூல்கள். படித்தது பி.காம். ஓவியத்தை யாரிடமும் முறையாகக் கற்றதில்லை. அப்பா கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர் என்பதால் தூரிகை மட்டும் சிறு வயதிலிருந்தே பழக்கம். சென்ற ஆண்டு என் நூல் ஒன்றுக்குப் பரிசு கிடைத்தது. அன்றிலிருந்துதான் நிலைமை மோசமாகிவிட்டது. ஒவ்வொரு வேலை வரும்போதும் இந்த முறை என் சாயம் வெளுத்துவிடும் என்று தோன்றுகிறது. இணையத்தில் படங்களைப் பார்த்துத்தான் வரைகிறேன். டேப்லெட்டில் ஒரே கோட்டைப் பத்து முறை அழித்து வரைகிறேன். கைவிரல்கள் சரியாக வராது என்பதால் முந்தானைக்குள்ளோ கூடைக்குப் பின்னாலோ கைகளை மறைத்துவிடுவேன். இவையெல்லாம் தெரிந்தால் யார் எனக்கு வேலை தருவார்கள்? ஓர் அட்டைக்கு 14 மாதிரிகள் செய்து, ஒன்றை மட்டும் அனுப்புகிறேன். கட்டணத்தை உயர்த்திக் கேட்க வாய் வரவில்லை. இப்போது ஒரு பதிப்பகம் மே மாதத்தில் இரண்டு நாள் ஓவியப் பயிலரங்கு நடத்தித் தரச் சொல்கிறது. கவின்கலைக் கல்லூரியில் படித்தவர்களும் வருவார்களாம். 'எல்லாம் உன் மனப்பிரமை' என்கிறார் என் கணவர். இது நோயா? அல்லது நான் உண்மையிலேயே ஏமாற்றுகிறேனா? பயிலரங்கை மறுத்துவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மூன்று கேள்விகளில் முதலாவதற்கு மட்டும்தான் சுருக்கமான விடை உண்டு. இது நோயன்று. நீங்கள் விவரிக்கும் அனுபவத்தை 1978ஆம் ஆண்டில், அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் உள்ள ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாலின் கிளான்ஸ், சூசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு கட்டுரையில் விரிவாக எழுதினார்கள். படிப்பிலும் தொழிலிலும் சிறந்து விளங்கிய 150க்கும் மேற்பட்ட பெண்களிடம், 'நான் தகுதியால் இங்கே வரவில்லை, எப்படியோ எல்லோரையும் நம்பவைத்துவிட்டேன், ஒருநாள் பிடிபடுவேன்' என்ற எண்ணம் ஒன்றுபோல ஒலிப்பதை அவர்கள் கவனித்திருந்தார்கள். இன்று இதை 'இம்போஸ்டர் சிண்ட்ரோம்' என்று எல்லோரும் சொன்னாலும், 'சிண்ட்ரோம்' என்ற மருத்துவச் சொல்லை அந்தக் கட்டுரை பயன்படுத்தவில்லை. மனிதர்களுக்கு நேரும் ஓர் அனுபவமாகவே அதைப் பார்த்தது. ஆண்களுக்கும் இது உண்டு என்பது பின்னர் வந்த ஆய்வுகளில் தெரிந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலோ அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டிலோ இப்பெயரில் ஒரு நோய் கிடையாது. எத்தனை பேருக்கு இது இருக்கிறது என்று கேட்டால், 62 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2020இல் வெளியான ஒரு மதிப்பாய்வு, அளக்கும் முறையைப் பொறுத்து நூற்றுக்கு 9 முதல் 82 பேர் வரை என்கிறது. இவ்வளவு அகலமான விடை மனிதர்களைப் பற்றிச் சொல்வதைவிட அளவுகோல்களைப் பற்றியே அதிகம் சொல்கிறது என்பது என் எண்ணம்; ஆகவே எண்ணிக்கையை இத்துடன் விட்டுவிடுகிறேன்.

ஆனால் ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தூக்கம் கெட்டிருந்தாலோ, வரைவதில் மட்டுமன்றி வழக்கமாக மகிழ்ச்சி தரும் எதிலுமே நாட்டம் இல்லாமல் போயிருந்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினாலோ, அது வேறு. அதற்கு இந்தப் பக்கத்தில் வரும் பதில் போதாது. மனநல மருத்துவர் ஒருவரை நேரில் பாருங்கள், அல்லது 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழையுங்கள், தமிழில் பேசலாம். உங்கள் கடிதத்தில் அத்தகைய அறிகுறி எதையும் நான் காணவில்லை. இருந்தாலும், கடிதத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் எழுதிவிடுவதில்லை.

மனப்பிரமை என்று உங்கள் கணவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. பிரமை என்றால் இல்லாததைக் காண்பது. நீங்கள் காண்பவை அனைத்தும் உள்ளவை: 14 மாதிரிகள் செய்வது உண்மை, படங்களைப் பார்த்து வரைவது உண்மை, விரல்கள் வராததும் உண்மை. உண்மையான சாட்சியங்களை வைத்துக்கொண்டு தவறான தீர்ப்பை எழுதுகிறீர்கள் என்பதே என் கருத்து. அவர் அன்பினால்தான் அப்படிச் சொல்லியிருப்பார். ஆனால் 'ஒன்றுமில்லை, நீ நன்றாகத்தான் வரைகிறாய்' என்ற சொல் உங்களைப் போன்றவர்களிடம் நிலைத்து நிற்காததற்குக் காரணம் இருக்கிறது. தன்னால் ஒரு செயலைச் செய்ய முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதை ஆராய்ந்த ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர், 1977இல் அதற்கு நான்கு ஊற்றுகளைக் குறிப்பிட்டார். அவற்றுள் வலுவானது, தானே செய்து முடித்துப் பார்த்த அனுபவம். பிறர் சொல்லும் ஊக்கச் சொல் அதைவிட வலுக்குறைந்தது. உங்களிடம் 41 அட்டைகளைச் செய்து முடித்த அனுபவம் இருக்கிறதே, அது ஏன் ஊறவில்லை என்பதுதான் இங்கே கேட்க வேண்டிய கேள்வி.

கிளான்ஸ் இதை ஒரு சுழலாக விளக்கினார். புதிய வேலை வருகிறது, பதற்றம் எழுகிறது, அதை அடக்க ஒருவர் அளவுக்கு மீறி உழைக்கிறார், அல்லது கடைசி நாள்வரை தள்ளிப்போட்டுவிட்டு அடித்துப்பிடித்து முடிக்கிறார். வேலை நன்றாகவே அமைகிறது. இரண்டு நாள் நிம்மதி. அதற்குள் மனம் கணக்கைத் திருத்தி எழுதிவிடுகிறது: தள்ளிப்போட்டவர் 'ஏதோ நல்ல நேரம்' என்கிறார், மிகையாக உழைத்தவர் 'இவ்வளவு பாடுபட்டதால் வந்தது, உண்மையான திறமை இருந்தால் இவ்வளவு பாடு எதற்கு' என்கிறார். நீங்கள் இரண்டாம் வகை. 14 மாதிரிகள் செய்ததால் அந்த அட்டை நன்றாக வந்தது என்று உங்களுக்குத் தெரிகிறது. அடுத்த முறை 13 செய்து பார்க்கும் துணிவு வருவதில்லை. ஆகவே, எத்தனை அட்டைகளை முடித்தாலும் அவற்றுள் ஒன்றுகூட உங்கள் திறமையின் கணக்கில் வரவாகாமல், பாடுபட்ட கணக்கிலேயே செலவாகிப்போகிறது. பரிசும் அந்தச் செலவுக் கணக்கில்தான் போய்ச் சேர்ந்தது. கூடவே, விழுந்தால் விழப்போகும் உயரத்தையும் ஏற்றிவிட்டுப் போயிற்று. பரிசு பெற்ற பிறகு மோசமானது என்று நீங்கள் எழுதியிருப்பதில் எனக்கு வியப்பில்லை.

நீங்கள் அனுப்பாமல் வைத்துக்கொண்ட அந்த 13 மாதிரிகளை இதுவரை உங்களைத் தவிர யாரும் பார்த்ததில்லை என்பது என்னை மேலும் யோசிக்கவைத்தது. பத்திரிகை அலுவலகங்களில் ஓவியர்கள் ஒரே அறையில் அமர்ந்து வேலை செய்த காலத்தில், பக்கத்து மேசையின் குப்பைக்கூடையில் கசங்கிக் கிடக்கும் தாள்களைப் புதிதாக வந்தவரும் பார்த்திருப்பார். எவ்வளவு பெரிய கை ஆனாலும் முதல் கோட்டிலேயே படம் வந்துவிடாது என்பதை யாரும் சொல்லித்தராமலே அறிந்திருப்பார். வீட்டுச் சமையலறைக்குப் பக்கத்து அறையில் தனியாக அமர்ந்து, முடித்த வேலையை இரவு இரண்டு மணிக்கு மின்னஞ்சலில் அனுப்பும் உங்களுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. உங்களுடைய 14ஐயும் பிறருடைய ஒன்றையும் அருகருகே வைத்து ஒன்பது ஆண்டுகளாக ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

இனி இரண்டாவது கேள்வி. 'நான் ஏமாற்றுகிறேனா?' என்று நீங்கள் கேட்பதை ஒரு புலம்பலாக எடுத்துக்கொள்ளாமல், வழக்காகவே எடுத்துக்கொள்கிறேன். ஏமாற்று என்று ஆக வேண்டுமானால் யாரிடமாவது ஒரு பொய் சொல்லப்பட்டிருக்க வேண்டும். இணையப் படங்களைப் பார்க்காமல் வரைகிறேன் என்று எந்தப் பதிப்பாளரிடமாவது சொன்னீர்களா? ஒரே மூச்சில் வரைந்தேன் என்று சொன்னீர்களா? கவின்கலைக் கல்லூரியில் படித்தேன் என்று எங்காவது எழுதினீர்களா? இல்லையென்றால், நீங்கள் மீறியிருப்பது உங்கள் மனத்துக்குள் இருக்கும் ஒரு சட்டத்தை மட்டுமே. உண்மையான ஓவியர் எதையும் பாராமல், அழிக்காமல், கற்பனையிலிருந்து நேரே வரைவார் என்பது அந்தச் சட்டம். அதை இயற்றியவர் யார் என்று தெரியவில்லை. ஓவியர் எவரும் இயற்றியிருக்க மாட்டார்.

ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற வரிசையில் கோயிற் சிற்பங்களை வரைந்த சில்பி என்ற ஓவியர், அந்தந்தக் கோயிலில் சிலையின் முன்னால் அமர்ந்து, பார்த்துப் பார்த்துத்தான் வரைந்தார். அவருடைய பெருமையே அந்தப் பார்வையில் இருக்கிறது. மறுபக்கம், 1916 முதல் 1963 வரை அமெரிக்காவின் சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட் இதழுக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட அட்டைப்படங்கள் வரைந்த நார்மன் ராக்வெல்லைப் பாருங்கள். ஆட்களை நிற்கவைத்துப் புகைப்படம் எடுத்து, அதைப் பாலாப்டிகான் என்ற கருவியின் வழியே திரையில் பெரிதாக விழச்செய்து, கோடுகளைப் பெயர்த்தெடுக்கும் வழக்கம் அவருக்கு இருந்தது. அதைப் பற்றித் தமக்கு வெட்கமாக இருப்பதாகவும், யாராவது வரும் ஓசை கேட்டால் கருவியை ஒளித்துவைத்துவிடுவதாகவும் அவரே எழுதியிருக்கிறார். நகைச்சுவையாக எழுதியதுதான், ஆனாலும் அதில் உண்மையான கூச்சம் கலந்திருக்கிறது. இன்று அவருடைய மூலப் படங்களுக்கென்றே மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அவர் பயன்படுத்திய புகைப்படங்களையும் அங்கே பாதுகாத்துவைத்திருக்கிறார்கள். அவர் எதை ஒளித்தாரோ அதையே இன்று பிறர் ஆர்வத்துடன் ஆராய்கிறார்கள்.

ஆனால் உங்களை முழுவதுமாக விடுவித்துவிடவும் எனக்கு மனமில்லை. மயிலின் கழுத்து எப்படி வளைகிறது என்று அறிய இருபது மயில் படங்களைப் பார்ப்பது ஒன்று. வேறொருவர் வரைந்த ஒரு குறிப்பிட்ட மயிலின் அமைப்பையும் வண்ணத்தையும் அப்படியே எடுத்துப் பின்னணி நிறத்தை மட்டும் மாற்றுவது இன்னொன்று. இரண்டாவதைச் செய்திருந்தால் அது திருட்டுதான். அந்தப் படத்தின் உரிமையாளருக்கும் பதிப்பாளருக்கும் நீங்கள் கடன்பட்டிருக்கிறீர்கள். செய்திருக்கிறீர்களா இல்லையா என்பது உங்களுக்குத் தெரியும். மங்கலான குற்றவுணர்வு ஆண்டுக்கணக்கில் மனத்தில் தங்கும். குறிப்பான தவறைத் திருத்திவிட முடியும். ஆகவே 41 அட்டைகளையும் ஒரு நாள் எடுத்துவைத்து, எந்த அட்டைக்கு எதைப் பார்த்தேன் என்று நினைவிருக்கும்வரை எழுதுங்கள். பெரும்பாலும் மனம் அஞ்சிய அளவுக்கு அதில் ஒன்றும் இராது என்று நினைக்கிறேன்.

விரல்களின் கதையும் இப்படிப்பட்டதே. கை வரைய வராதது ஒரு குறைபாடு. அதற்கு ஒழுக்கத்தோடு தொடர்பில்லை. அந்தக் குறையைத் திறமைக் கணக்கில் வைத்தால் பயிற்சியால் தீரும்; ஏமாற்றுக் கணக்கில் வைத்தால் மறைக்கத்தான் தோன்றும், மறைக்க மறைக்கப் பயிற்சி நின்றுபோகும். முந்தானை மடிப்புகளை நீங்கள் இந்நேரம் மிக நன்றாக வரைவீர்கள் என்று ஊகிக்கிறேன்! ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, நாளுக்கு ஒரு பக்கம் கைகளைப் பார்த்து வரையுங்கள்: காய் நறுக்கும் கை, துணி பிழியும் கை, பேனா பிடித்த கை என்று. நோட்டு தீரும்போது விரல்கள் அழகாகிவிடும் என்று உறுதி கூற நான் ஓவியன் அல்லன். ஆனால் கூடைக்குப் பின்னால் ஒளிக்கும் தேவை குறையும்.

உங்கள் கடிதத்தில் நான் நெடுநேரம் நின்ற இடம் வேறொன்று. 'ஓவியத்தை யாரிடமும் முறையாகக் கற்றதில்லை' என்று எழுதிவிட்டு, அடுத்த வாக்கியத்திலேயே அப்பா பெயர்ப்பலகை எழுதியவர் என்கிறீர்கள். 'மட்டும்' என்ற சொல்லையும் சேர்த்திருக்கிறீர்கள். ஃபிளெக்ஸ் பேனர்கள் வந்து அந்தத் தொழிலைத் துடைத்தெடுப்பதற்கு முன்னால், ஊர்க் கடைவீதிகளில் பலகை எழுதுவோர் வேலை செய்ததை நான் நின்று பார்த்திருக்கிறேன். சுண்ணப் பொடி தடவிய நூலைப் பலகையின் இரு முனைகளிலும் பிடித்துச் சுண்டிக் கோடு போடுவார்கள். பிறகு எட்டடிப் பலகையில் 'ஸ்ரீ அங்காளபரமேசுவரி இரும்பு மற்றும் சிமெண்ட் விற்பனை நிலையம்' என்பதை, வலப்பக்கம் இடம் போதாமல் எழுத்துகள் நெருக்கியடித்துக்கொள்ளாதபடி, பெரும்பாலும் கண்ணளவிலேயே பிரித்துவிடுவார்கள். தமிழில் அது எளிய வேலையன்று. 'ண', 'ஞ', 'னை' எல்லாம் கால்நீட்டி உட்காரும். 'ர', துணைக்கால், ஒற்றைக்கொம்பு ஆகியவை ஒடுங்கி நிற்கும். எழுத்துக்கு எழுத்து ஒரே இடைவெளி விட்டால் சொல் பல் விழுந்த வாய் போலாகிவிடும். எங்கே இழுப்பது, எங்கே ஒடுக்குவது, தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து வாசிப்பவனுக்கு எந்த வண்ணத்தின்மேல் எந்த வண்ணம் எடுக்கும் என்பதெல்லாம் அந்தக் கைகளுக்குத் தெரியும்.

நூல் அட்டையில் நீங்கள் செய்வதும் அதுதான். பெயர், ஆசிரியர், படம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று மிதிக்காமல், கண்காட்சி மேசையில் மூன்றடி தொலைவில் நிற்பவரை எட்ட வேண்டும். அப்பா வெளிக்கோடு போட்டுத் தந்த எழுத்துக்குள் எனாமல் வண்ணம் நிரப்பிய அந்தச் சிறுமி, அவர் பலகையிலிருந்து நான்கடி பின்னால் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதை எத்தனை முறை பார்த்திருப்பாள்? (நிரப்பினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் பலகை எழுதுபவரின் வீட்டில் தூரிகை பழகிய பிள்ளைக்கு முதல் வேலை பெரும்பாலும் அதுதான்.) சான்றிதழ் தராத கல்வி கல்வியாகாது என்றால், நம் ஊரில் தச்சும் நெசவும் நாகசுர வாசிப்பும் யாருக்குத்தான் முறையாக வந்தன? அப்பாவின் தொழிலைக் கலை என்று சொல்ல உங்களுக்கு ஏன் தயக்கம் என்பதை நீங்கள் தனியே யோசித்துப் பார்க்க வேண்டும். அந்தத் தயக்கத்தின் ஒரு பகுதி உங்களுடையதாக இருக்கலாம். மற்றொரு பகுதி, கவின்கலையை ஒரு பக்கமும் கைத்தொழிலை மறுபக்கமும் பிரித்து உட்காரவைத்த சமூகம் உங்களுக்குள் போட்டுவைத்தது.

இதையொட்டி, 2021இல் ருச்சிகா துல்ஷ்யன், ஜோடி ஆன் பரி என்ற இருவர் எழுதிய ஒரு கட்டுரை பரவலாகப் பேசப்பட்டது. பெண்களை உள்ளே வரவிடாமலும், வந்தாலும் ஐயத்துடனே பார்க்கும்படியும் அமைந்த பணியிடங்களைத் திருத்தாமல், அந்தப் பெண்களுக்கு ஒரு மனக்குறையின் பெயரைச் சூட்டிச் சரிசெய்யப் பார்க்கிறோம் என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. அது பெருமளவுக்குச் சரி. ஓர் அட்டைக்குக் குறைந்த தொகையே கிடைப்பதற்கு உங்கள் கூச்சம் மட்டும் காரணமாகாது. சில நூறு படிகள் மட்டுமே அச்சாகும் நூலில் ஓவியருக்குப் போகும் பங்கு எவ்வளவாக இருக்க முடியும் என்பதும் காரணம். ஆகவே, கட்டணம் உயரவில்லையே என்று அதையும் உங்கள் தகுதியின்மைக்குச் சான்றாக எழுதிக்கொள்ளாதீர்கள்.

'என்னால் இது முடியுமா' என்ற ஐயம் நம் மரபில் ஒளித்துவைக்க வேண்டிய ஒன்றாக இருந்ததில்லை. பெருங்காப்பியம் பாடவந்தவர், தம் குறையைச் சபையின் முன்னால் எடுத்துச் சொல்லிவிட்டே தொடங்குவார்; அதற்கு அவையடக்கம் என்று பெயரும் இடமும் உண்டு. பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிடப் புகுந்த பூனை நான் என்கிறார் கம்பர். அப்படிச் சொல்லிவிட்டுப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைப் பாடுகிறார். அளவிட முடியாத பெருமையுடையவர்களைப் பாடுவது அரிது என்று ஒப்புக்கொள்கிறார் சேக்கிழார். இருவரும் அடுத்துச் சொல்வதைக் கவனியுங்கள். கம்பர் 'ஆசை பற்றி அறையலுற்றேன்' என்கிறார். சேக்கிழார் 'அளவில் ஆசை துரப்ப அறைகுவேன்' என்கிறார். தகுதி வந்துவிட்டது, அதனால் பாடுகிறேன் என்று இருவருமே சொல்லவில்லை. ஆசை பிடித்துத் தள்ளுகிறது, பாடுகிறேன் என்கிறார்கள். அவையடக்கம் ஒரு மரபுச் சடங்குதானே என்று புலவர்கள் சொல்லக்கூடும். ஆகட்டும், தொழிலின் முதல் படியிலேயே ஐயத்தை வாய்விட்டுச் சொல்லி இறக்கிவைக்க ஓர் இடம் ஒதுக்கிய சடங்கு, என் கண்ணுக்கு நல்ல மருந்தாகவே தெரிகிறது. உங்களிடமும் அந்த ஐயம் இருக்கிறது. அதைச் சொல்ல ஒரு சபை மட்டும் இல்லை.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். ஆலோசனைத் தொழிலுக்கு வந்த முதல் ஆண்டில், எதிரில் இருப்பவர் அழத் தொடங்கினால் என்ன சொல்வதென்று தெரியாமல், தண்ணீர் எடுத்துவருவதாகச் சொல்லி எழுந்து போய்விடுவேன். கூடத்தில் நின்று மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு தம்ளர் தண்ணீருடன் திரும்புவேன். என் வழிகாட்டியிடம் தர வேண்டிய குறிப்புகளில் இதை எழுதாமல் ஆறு மாதம் மறைத்தேன். ஒருநாள் தாங்காமல் சொல்லிவிட்டேன். அவர் என் தகுதியைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை. 'தண்ணீர் கொடுத்தது நல்லதுதான். இனிமேல் ஒரு கூஜாவை முன்கூட்டியே மேசையில் வைத்துவிடுங்கள்' என்றார். அதன் பிறகு எழுந்து போக வழியில்லாமல் உட்கார்ந்தேன், உட்காரக் கற்றுக்கொண்டேன். ஆறு மாதமாக நான் பெரிய குற்றமாகச் சுமந்தது, அவருக்கு ஒரு கூஜாவை எங்கே வைப்பது என்ற கேள்வியாக மட்டுமே இருந்தது.

ஆகையால் உங்களுக்கு நான் கூறக்கூடியது இதுதான்: நம்பிக்கை வரட்டும் என்று காத்திருக்காமல், மறைப்பதைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். அடுத்த அட்டைக்கு 14 செய்துகொள்ளுங்கள், அதை நான் தடுக்கவில்லை. ஆனால் முடிந்த ஒன்றை மட்டும் அனுப்பாமல், மூன்று ரஃப்களைப் பென்சில் நிலையிலேயே பதிப்பாளருக்கு அனுப்பி, எந்தத் திசையில் போகலாம் என்று கேளுங்கள். இதில் வணிக நன்மையும் உண்டு: அவர் ஆரம்பத்திலேயே ஒன்றைத் தேர்ந்துவிட்டால், மற்றவற்றுக்கு வண்ணம் தீட்டும் இரவுகள் மிச்சமாகும். ஆனால் நான் அதைச் சொல்வது வேறு காரணத்துக்காக. அரைகுறையாக இருக்கும் உங்கள் வேலையைப் பார்த்த பிறகும் ஒருவர் உங்களை வேலைக்கு வைத்திருக்கிறார் என்பதை நீங்கள் ஒரு முறையாவது கண்ணால் காண வேண்டும். இதுவரை அதற்கு நீங்கள் வாய்ப்பே தரவில்லை. அட்டை வடிவமைப்பு என்று நூலின் உள்பக்கத்தில் உங்கள் பெயரை அச்சிடும்படி கேட்பதையும் இதனுடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிளான்ஸும் ஐம்ஸும் தங்களிடம் வந்தவர்களுக்குக் கொடுத்த ஒரு பயிற்சி உங்களுக்குப் பொருந்தும். நீங்கள் ஏமாற்றிவிட்டதாக நினைக்கும் ஒவ்வொருவரையும் மனத்தின் முன் நிறுத்தி, எப்படி ஏமாற்றினீர்கள் என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு அவர் என்ன விடை கூறுவார் என்பதையும் அவர் குரலிலேயே சொல்ல வேண்டும். முப்பது ஆண்டுகளாகப் புத்தகம் போடும் ஒரு பதிப்பாளரை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஐயா, நான் இருபது படங்களைப் பார்த்துத்தான் அந்த யானையை வரைந்தேன்' என்று நீங்கள் சொன்னால், அவர் என்ன சொல்வார்? 'பார்க்காமல் வரைந்து தும்பிக்கை கோணலாகப் போயிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் அம்மா?' என்பார். 'உங்களை ஏமாற்றிவிட்டேன்' என்று மேலும் அழுத்திச் சொன்னால், அவருக்குக் கோபம்கூட வரலாம்; நல்ல அட்டை எது என்று தெரியாமலா நான் இத்தனை ஆண்டுகள் தொழில் நடத்தினேன் என்று கேட்பார். உங்கள் அடக்கத்துக்குள் பிறருடைய கண்ணின்மேல் ஒரு மதிப்பின்மையும் ஒளிந்திருக்கிறது என்பதை இந்தப் பயிற்சி மெல்லக் காட்டிவிடும். இதைத் தனியாக இருக்கும்போது செய்யுங்கள். வீட்டில் இருப்பவர்கள் பயந்துவிடுவார்கள்.

கட்டணத்தைப் பற்றி ஒரே ஒரு ஆலோசனை. நேரில் பேசும்போது வாய் வரவில்லையென்றால் எழுதி அனுப்புங்கள். எழுத்தில் குரல் நடுங்காது. 'வரும் ஏப்ரல் முதல் என் அட்டைக் கட்டணம் இவ்வளவு. இதில் மூன்று ரஃப்களும் இரண்டு திருத்தங்களும் அடங்கும். பாதித் தொகை முன்பணமாகத் தர வேண்டுகிறேன்' என்று மூன்று வாக்கியங்கள் போதும். நான்காவது வாக்கியம் எழுத விரல் துடிக்கும்: 'உங்களுக்குச் சிரமம் என்றால் பழைய தொகையே போதும்' என்று. அதை மட்டும் எழுதாதீர்கள். பேரம் பேச வேண்டியவர் அவர். அந்த வேலையையும் அவருக்காக நீங்களே செய்து கொடுக்க வேண்டியதில்லை. முதலில் ஒரு புதிய பதிப்பாளரிடம் தொடங்குங்கள். பழைய முகங்களிடம் கேட்பதுதான் கடினம்.

பயிலரங்குக்கு வருகிறேன். ஒப்புக்கொள்ளுங்கள், ஆனால் 'ஓவியம் கற்பித்தல்' என்ற தலைப்பில் வேண்டாம். உடலமைப்பையும் ஒளிநிழலையும் கவின்கலைக் கல்லூரியில் படித்தவர்களுக்குக் கற்பிக்க நீங்கள் போக வேண்டியதில்லை. அதை முயன்றால் உங்கள் அச்சத்துக்கு உண்மையான காரணம் கிடைத்துவிடும். 'ஒரு நூல் அட்டை உருவாகும் விதம்' என்று தலைப்பை மாற்றித் தரச்சொல்லிப் பதிப்பகத்தைக் கேளுங்கள். அந்த அறையில் 41 முறை அதைச் செய்தவர் உங்களைத் தவிர வேறு யாரும் இருக்க வாய்ப்பில்லை. முதல் நாள் காலையில், பரிசு பெற்ற நூலின் அட்டையைக் காட்டிப் பேசத் தொடங்க வேண்டாம். அதன் மாதிரிகள் பதினான்கையும் ஒட்டுமொத்தமாக அச்செடுத்துக்கொண்டு போய், நீங்கள் பார்த்த படங்களையும் சேர்த்துச் சுவரில் வரிசையாக ஒட்டிவிடுங்கள்; எதை ஏன் தள்ளினீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வாருங்கள். பிற்பகலில் எழுத்துகளுக்கு வாருங்கள். நீளமான ஒரு நூல் பெயரைக் கொடுத்து, அளவுகோல் இல்லாமல் கண்ணளவில் ஒரு தாளில் பிரித்து எழுதச் சொல்லுங்கள். கல்லூரியில் படித்தவர்களும் திணறுவார்கள் என்றே நினைக்கிறேன்.

உங்கள் அப்பாவுக்கு உடல் நலம் இடங்கொடுத்தால், இரண்டாம் நாள் ஒரு மணி நேரத்துக்கு அவரையும் அழைத்துச் செல்லுங்கள். நூலும் சுண்ணப்பொடியும் பட்டைத் தூரிகையும் ஒரு பழைய பலகையும் போதும். அதற்கும் தனியாக மதிப்பூதியம் உண்டா என்று பதிப்பகத்திடம் முன்கூட்டியே, எழுத்தில், கேட்டுவிடுங்கள்.